கீழ் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஆள்

கார்த்தி,

நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று போனில் உன் குரலைக் கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறாய். சாப்பிட்டுக்கொண்டே பேசினாய். போனை வைத்த பிறகு எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே தலையாட்டுவாய். எனக்கும் பாதியில் கோபம் வந்து, சொல்ல வந்தது கெட்டுப்போகும். காகிதமென்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. படித்து முடித்ததும் உன் பெண்டாட்டி வித்யாவிடம் கொடு. வீடு வாங்க உன்னிடம் யோசனை கேட்கிற தரமணி ஆபீஸ் சிநேகிதர்களிடமும் கொடு. யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உன் அம்மாவுக்கு அருவருப்பு சுலபத்தில் வராது என்று உனக்குத் தெரியும். ஆயுசில் பாதியை லேபில் கழித்தவள் நான். சளி, மூத்திரம், மலம், சீழ் என்று ஊரார் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறேன். அதெல்லாம் உடம்பின் வேலை, அதில் அசிங்கம் என்ன இருக்கிறது? எனக்குக் குமட்டியது வேறு. நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒருவர் இருந்தார். கூட்டம் அதிகமான நாளில் சாம்பிளை அப்படியே சிங்க்கில் ஊற்றிவிட்டு "நார்மல்" என்று ரிப்போர்ட் எழுதுவார். கேட்டால், "அனுப்பின டாக்டருக்கும் சந்தோஷம், பேஷன்ட்டுக்கும் சந்தோஷம், உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்பார். டாக்டருக்கு மாதக் கடைசியில் கவர் போகும். நார்மல் என்று நம்பி வீட்டுக்குப் போன மனுஷனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் அந்த இடத்தை விட்டு வந்துவிட்டேன். ஆனால் சிங்க்கில் ஊற்றுகிற அந்தச் சத்தம் மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை.

அடையாறில் அந்த மூன்றாம் மாடி வீட்டை நீ பிடித்தபோது என்ன நடந்தது என்று இப்போது ஞாபகப்படுத்துகிறேன். உனக்கு வசதிப்படுகிற இடத்திலெல்லாம் மறதி வந்துவிடுகிறது. நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் பத்திரம் பார்க்க வக்கீலைப் பிடிக்கிறார்கள். வாசல் எந்தத் திசை என்று பார்க்க வாஸ்துக்காரரைப் பிடிக்கிறார்கள். உன் மாமனார் கூட்டிவந்தவர் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி, அடுப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார். தளம் ஒழுகுமா, உள்ளே ஓடுகிற பைப் எந்தக் கோலத்தில் இருக்கிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் நாம் ஆள் தேடுவதில்லை. தேடினாலும் அதை வீட்டை விற்றுக்கொடுக்கிற புரோக்கரிடமே கேட்கிறோம். மாப்பிள்ளை குணம் எப்படி என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே விசாரிக்கிற மாதிரி. நீயும் அதைத்தான் செய்தாய்.

புரோக்கர் சேகர் உடனே சொன்னான்: "இன்னா சார், இதுக்குப் போய் டென்சன் ஆகினு கீறீங்க? நம்ம ராஜ்மோகன் கீறாரு. வீட்டைப் பாத்து ரிப்போர்ட் குடுக்கறதே அவரு தொழிலு. நான் ஒரு வார்த்தை சொன்னா ஓடியாந்துடுவாரு."

ஓடிவந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், சுவரில் வைத்தால் சிவப்பாக மினுக்குகிற ஏதோ ஒரு கருவி. வீட்டுக்காரரின் மனைவி கொடுத்த ஆரஞ்சு ஜூஸைச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து குடித்தான். ஹால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினான். பால்கனியில் நின்று, எதிரே தெரிந்த மரங்களைப் போட்டோ எடுத்தான். பாத்ரூமில் தலையை மட்டும் நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டான், ஷூ நனைந்துவிடுமாம். பிறகு உன் தோளில் கை போட்டு, "ஸ்ட்ரக்சர் செம ஸ்ட்ராங் சார். கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்றான். கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதற்கு இவனுக்கு எதற்கு ஃபீஸ் என்று எனக்கு அப்போதே வாயில் வந்தது. சம்பந்தி வீட்டார் நின்றிருந்ததால் விழுங்கிவிட்டேன்.

அந்த வீட்டில் ஊதுபத்தி வாசனை தூக்கலாக இருந்தது. ஆளில்லாத அறைகளிலெல்லாம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கதவு மூலையில் கை வைத்தேன், பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது. ஊதுபத்திக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மழைக்காலத்தில் துவைத்துக் காயாமல் மடித்துவைத்த துணியின் வாடை. அந்த வாடை எனக்கும் உனக்கும் புதிதில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீ வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் கீழே இறங்கி டீக்கடைப் பக்கம் போனேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேகரும் ராஜ்மோகனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "மச்சி, பெசன்ட் நகர்ல இன்னொண்ணு கீது. அதையும் பாத்துட்டுப் போயிடு" என்றான் சேகர். ராஜ்மோகன் சிரித்தான்: "அதுல பாக்கறதுக்கு இன்னா மச்சி கீது? நாலு போட்டோ அனுப்பு. வீட்ல உக்காந்தே ரிப்போர்ட் போட்டுடறேன்." எனக்குக் கையிலிருந்த டீ கசந்தது. ச்சீ, மனுஷ ஜன்மமா இதெல்லாம்? இத்தனை வருஷம் கழித்தும் அதே சிங்க்கில் அதே சத்தத்தோடு ஊற்றுகிறார்கள். சாம்பிள்தான் வேறு.

அன்று உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "அம்மா, உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம். ரிப்போர்ட்டைப் பாரு, எல்லாமே பச்சை டிக்." பச்சை டிக்கைப் பார்த்து நீ பூரித்துப்போயிருந்தாய். வெள்ளிக்கிழமை நல்ல நாள், டோக்கன் கொடுத்துவிடலாம் என்று உன் மாமனார் அவசரப்படுத்தினார். நான் முரண்டு பிடித்தேன். வீட்டைச் சரியான ஆள் பார்க்காமல் நீ டோக்கன் கொடுத்தால் புது வீட்டில் பால் காய்ச்சும்போது நான் வாசல் மிதிக்க மாட்டேன் என்றேன். வித்யா உன்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதால்தான் நீ இறங்கிவந்தாய். அந்தப் பெண்ணுக்கு உன்னைவிட மூளை இருக்கிறது. இதை அவளும் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆள் தேடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். எத்தனை பேருக்குப் போன் போட்டேன் என்று கணக்கில்லை. ஒருவன் மரியாதையாகத்தான் பேசினான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "ரிப்போர்ட் எப்படிம்மா வேணும்? பேங்க் லோனுக்கா, இல்ல ஓனர் கிட்ட விலையைக் குறைக்கறதுக்கா? சொல்லுங்க, அதுக்குத் தகுந்தாப்ல போட்டுடலாம்" என்றான். இட்லிக் கடையில் வடகறி வேண்டுமா, சாம்பார் வேண்டுமா என்று கேட்கிற தொனி. கூச்சம் என்பது குரலில் துளி இல்லை. போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. வீடு வாங்கி முடித்தவர்களிடம் போய் நல்ல ஆள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாங்கியவன் தன்னை ஏமாளி என்று ஒப்புக்கொள்வானா? அவனவனுக்கு வந்த ஆள் கெட்டிக்காரன்தான். வாங்காமல் விட்டவர்களைத் தேட வேண்டும் என்று தோன்றியது. லேபில் என்னோடு வேலை பார்த்த மேரி, தி.நகரில் அட்வான்ஸ் கொடுக்கிற வரைக்கும் போய் ஒரு வீட்டை வேண்டாம் என்று உதறியவள். ஏன் விட்டாய் என்று கேட்டேன். "ஒரு பொண்ணு வந்து பாத்தா. பாத்துட்டு, 'இதை வாங்கினா நீங்க அழுவீங்க'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அவ கிட்ட எனக்குக் கோவமான கோவம். இப்ப அந்த வீட்டை வாங்கினவங்க அழுதுகிட்டிருக்காங்க" என்றாள். அந்தப் பெண்தான் ஹசீனா.

இன்னொரு தடவை யாராவது உன்னிடம் ஆள் எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், ஹசீனா போனில் என்னிடம் கேட்டதைச் சொல்லு. எடுத்ததும், "எந்த மாடி?" என்றாள். சொன்னேன். "கீழ் வீட்ல யார் இருக்காங்க? கதவைத் திறப்பாங்களா?" என்றாள். கீழ் வீட்டை நாங்கள் வாங்கவில்லையே என்றேன். "ஆன்ட்டி, மேல இருக்கறதை நான் பாத்துக்கறேன். மாடி வீடு எப்படி இருக்குன்னு தெரியணும்னா கீழ் வீட்டு சீலிங்கைப் பாக்கணும். ஓனர் தன் வீட்டுக்குத்தான் பெயிண்ட் அடிப்பாரு, கீழ் வீட்டுக்கு அடிக்க மாட்டாரு" என்றாள். நாளைக்கே வர முடியுமா என்றேன். "வெயில்ல வந்து என்ன பண்ணப்போறேன்? மழை பெய்யட்டும், மறுநாள் வரேன்." புரோக்கர் நம்பர் தரட்டுமா என்றேன். "வேணாம். புரோக்கர் கிட்டயும் பேச மாட்டேன், விக்கிறவங்க கிட்டயும் பேச மாட்டேன். ஃபீஸ் யார் குடுக்கறாங்களோ அவங்க கிட்டதான் பேசுவேன்." கடைசியில் ஒன்று கேட்டாள்: "வாங்காதீங்கன்னு சொன்னா என் கிட்ட சண்டைக்கு வர மாட்டீங்களே? நிறைய பேர் வர்றாங்க." அவள் பேச்சில் ஒரு குழைவும் இல்லை. ராஜ்மோகனைவிட ஃபீஸ் அதிகம் என்று நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். நான் இவள்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மழை பெய்த மறுநாள் வந்தாள். ஜூஸை வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நேராகப் பாத்ரூமுக்குள் போனாள். தண்ணீர் வடிகிற ஜாலியைத் துணியால் அடைத்து, தரையில் தண்ணீரைத் தேங்கவிட்டாள். "இது இப்படியே நிக்கட்டும், நாம கீழ போயிட்டு வரலாம்" என்றாள். வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. "கீழ எதுக்கு? அவர் ஒரு மாதிரி. யார் கிட்டயும் பேச மாட்டாரு" என்று வழியில் நின்றார். ஹசீனா அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

கீழ் வீட்டுப் பெரியவர் கதவைத் திறந்தவிதம் உனக்கு ஞாபகம் இருக்கும். யாரிடமும் பேச மாட்டாரென்று சொல்லப்பட்ட அந்த மனுஷர் நம்மைப் பார்த்ததும் விடாமல் பேசினார். "மாடி ஆத்துல குளிச்சா எங்க ஆத்துல மழை. வாங்கோ, வந்து பாருங்கோ" என்று உள்ளே அழைத்துப் போனார். பாத்ரூம் கதவோரம் ஒரு குடை மாட்டியிருந்தது. "குடை இல்லாம உள்ள போறதே இல்லை" என்றார். நாம் சிரித்துவிட்டோம். உள்ளே எட்டிப்பார்த்ததும் சிரிப்பு நின்றது. சீலிங்கில் சிமெண்ட் பெயர்ந்து, உள்ளே கம்பி துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. பழுப்பு நிறத்தில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது, அது வெறும் குளித்த தண்ணீர் இல்லை என்று வாடையிலேயே தெரிந்தது. நீ கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாய். ஒரு சொட்டு ஹசீனாவின் தோளில் விழுந்தது. துடைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவர் சொன்னார்: "மாடி வீட்டை எத்தனையோ பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டா. ஒருத்தர் என் கதவைத் தட்டலை. நானாப் போய்ச் சொன்னா, பொறாமையில சொல்றேங்கறா."

திரும்பும்போது ஆட்டோவில், "மனுஷங்களாம்மா இவங்க? குழந்தை குட்டியோட வர்றவங்களை இப்படி ஏமாத்த எப்படிம்மா மனசு வருது?" என்று கேட்டாய். நீ கேட்டதுதான். உன் வாயால் கேட்டதுதான். எனக்கு அன்று எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் பாத்ரூம் தரையை உடைத்துப் பைப்பை மாற்றினார், கீழ் வீட்டுச் சீலிங்கையும் பூசிக்கொடுத்தார். ஹசீனா மறுபடியும் தண்ணீர் தேக்கிப் பார்த்து, சரி என்ற பிறகுதான் நீ அட்வான்ஸ் கொடுத்தாய். அடுத்தது ரிஜிஸ்ட்ரேஷன். அதற்கு மந்தைவெளியில் நான் இருக்கிற இந்த வீட்டை விற்றாக வேண்டும். நான் மனப்பூர்வமாகத்தான் சம்மதித்தேன். தனியாக இருந்தது போதும், உன்னோடும் வித்யாவோடும் வந்துவிடுகிறேன் என்றேன். இந்த வீட்டை விற்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறு இடத்திலிருந்து வந்தது.

பின்னறைச் சுவர் உனக்கு மறந்திருக்க வழியில்லை. மாடி வீட்டுப் பாத்ரூம் பைப் அந்தச் சுவருக்குள்ளேதான் இறங்குகிறது. நாமும் கீழ் வீட்டுக்காரர்கள்தான், கார்த்தி. அடையாறு பெரியவருக்குச் சீலிங், நமக்குச் சுவர், அவ்வளவுதான் வித்தியாசம். மாடி வீட்டுக்காரர் டைல்ஸை உடைக்கவே முடியாது என்று சாதித்துவிட்டார். உன் அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார், மழைக்காலம் வந்தால் மறுபடியும் ஓதம் ஏறிக் கறுத்து, அதே காயாத துணி வாடை அடிக்கும். உன் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. ராத்திரியில் உனக்கு மூச்சு இழுக்கும். விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்க வேண்டும். மாஸ்க்கோடு நீ என் விரலைப் பிடித்துக்கொள்வாய். எதனால் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தூசு என்றார்கள், பால் என்றார்கள், பூனை என்றார்கள். கடைசியில் நான் அந்தச் சுவரைச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டு லேபுக்கு எடுத்துப் போனேன். அன்று பள்ளிக்கூடம் லீவு, நீயும் கூட வந்தாய். ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்து மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். "கறுப்புப் பூ மாதிரி இருக்கும்மா" என்றாய். அந்தப் பூஞ்சைப் பூதான் உன் நெஞ்சுக்குள் போகிறது என்றேன். அன்றைக்கே கட்டிலை ஹாலில் போட்டோம். இழுப்பு மெல்ல மெல்ல நின்றது. அதற்கு மேல் அந்த அறையில் யாரையும் நான் படுக்கவிட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். வந்தவன், அந்த இரும்புப் பீரோவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பின்னறைச் சுவரோடு சேர்த்து வைத்தாய். ஏன்டா என்றேன். "இங்க வெச்சா ரூம் பெருசா தெரியும்மா" என்றாய். வாசனைக்கு ஏதோ ஒன்றை ஜன்னலில் மாட்டிவிட்டும் போனாய். ஆபீஸ் வேலைக்கு நடுவில் பிள்ளை வந்து ஒத்தாசை செய்கிறானே என்று நான் உனக்கு வடை சுட்டுக் கொடுத்தேன். நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

நேற்று காலையில் சேகர் ஒரு ஜோடியைக் கூட்டிக்கொண்டு வந்தான். இந்த வீட்டை விற்கவும் நீ அவனையே பிடித்திருந்தாய். உன்னையும் வித்யாவையும் போல வேலைக்குப் போகிறவர்கள். ஒரு சின்னப் பையன், மூன்று வயதுக்குள்தான் இருக்கும். அந்தப் பெண் பின்னறையைப் பார்த்ததும், "இதைப் பையனுக்கு வெச்சுக்கலாம்" என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, இந்த ரூம்ல ஈரம் எதுவும் இல்லையே? இவனுக்கு வீசிங் இருக்கு, அதான் கேக்கறேன்" என்றாள். நான் பீரோவைப் பார்த்தேன். அந்த நிமிஷத்தில்தான் அது ஏன் அங்கே வந்தது என்று எனக்குப் புரிந்தது. வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டான்: "இன்னாம்மா நீங்க, செகண்ட் ஃப்ளோரு, காத்து சும்மா பிச்சிக்கினு வரும். ஈரமாவது ஒண்ணாவது! வாங்க, கிச்சனைப் பாருங்க. டவுட்டு இருந்தா நம்ம ராஜ்மோகன் சார் கீறாரு, அவரை விட்டுப் பாத்துடலாம்." அவர்களை நெட்டித் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

அவர்கள் படியிறங்கிய பிறகு அந்தப் பெண் மட்டும் ஓடிவந்தாள். பையன் ஒற்றைச் செருப்பை இங்கேயே விட்டிருந்தான். செருப்பைக் கொடுத்தபோது, ஹசீனாவின் நம்பரையும் என் நம்பரையும் எழுதிய சீட்டை அவள் கையில் வைத்து அழுத்தினேன். "சேகர் சொல்ற ஆள் வேணாம்மா. இவங்களைக் கூப்பிடு" என்றேன். கீழேயிருந்து சேகர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கினாள். அதற்கு மேல் பேச நேரமில்லை.

மத்தியானம் உனக்குப் போன் போட்டேன். சேகர் அயோக்கியன், நமக்கே தெரியாமல் ராஜ்மோகனை அனுப்பப் பார்க்கிறான் என்று படபடத்தேன். நீ மென்றுகொண்டே சொன்னாய்: "நான்தாம்மா ராஜ்மோகனை அனுப்பச் சொன்னேன்." எனக்குக் காது அடைத்துப்போனது. பீரோவைப் பற்றிக் கேட்டேன். "எல்லாரும் பண்றதுதானேம்மா" என்றாய். பையனுக்கு இழுப்பு இருக்கிறதாம்டா என்றேன். ஒரு நிமிஷம் மெல்லுவதை நிறுத்தினாய். அந்த ஒரு நிமிஷம் நான் உன்னை நம்பினேன். பிறகு சொன்னாய்: "வாங்கும்போது ஹசீனா, விக்கும்போது ராஜ்மோகன். ஊரே அப்படித்தாம்மா ஓடுது. நீ யார் பக்கம்?"

எழுதும்போதே கை கூசுகிறது. கேட்டுக்கொள் கார்த்தி. சேகர்மேல் எனக்கு வந்தது கோபம். ராஜ்மோகன்மேல் வந்தது வெறுப்பு. உன்மேல் வந்ததுதான் அருவருப்பு. பெற்ற பிள்ளைமேல் அப்படி ஒன்று வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் அவர்களை அடித்திருப்பேன். அந்த இரண்டு பேருக்கும் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர்களுக்கு அக்கறை இல்லை. நீ அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவன். உன் நெஞ்சில் வைத்திருந்தவன். அந்தச் சுவரோரம் இன்னொரு குழந்தையின் கட்டிலைப் போட வழிசெய்துவிட்டு, உன்னால் எப்படிச் சோற்றை மெல்ல முடிந்தது? அந்த அடையாறுக்காரரின் மனைவியைப் போல நான் இங்கே ஜூஸ் கலக்கிக் கொடுத்துக்கொண்டு, ஃபேனைச் சுழலவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதானே சொல்கிறாய்? நீ யார் பக்கம் என்று கேட்டாயே, நான் கீழ் வீட்டுப் பக்கம். குடை பிடித்துக்கொண்டு பாத்ரூம் போகிற மனுஷனின் பக்கம்.

இந்த விற்பனை நின்றுபோனால் உன் ரிஜிஸ்ட்ரேஷன் தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரியும். அடையாறு வீடு கைவிட்டுப் போகக்கூடும் என்றும் தெரியும். போனால் போகட்டும். அல்லது அசோசியேஷனைக் கூட்டி, மாடி வீட்டுக்காரரை உட்காரவைத்து, உடைத்துச் சரிசெய்து, குறைந்த விலைக்கு விற்போம். குறைகிறதை என் பங்கில் கழித்துக்கொள். உன்னோடு வந்து இருக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு குழந்தையின் மூச்சை விற்று வாங்கிய வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. உனக்கும் வரக் கூடாது.

இன்று காலை அந்தப் பெண் போன் செய்தாள். "ஆன்ட்டி, ஹசீனா மேடம் சனிக்கிழமை காலையில வர்றாங்க. விக்கிறவங்க கிட்ட பேச மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அதான் நானே உங்களுக்குச் சொல்றேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அவளிடம் அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை. நீ வராமல் போனால், அன்று நான் சொல்லிவிடுவேன்.

சனிக்கிழமை உனக்கு லீவுதான். அவர்கள் வருவதற்கு முன்னால் வந்துவிடு. பீரோவை நகர்த்த வேண்டும். நேற்றே நான் தனியாகத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்து வீட்டில் ஆள் கூப்பிட எனக்கு மனசில்லை, நீ வைத்ததை நீதான் எடுக்க வேண்டும். பையனையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். ஈரம் இருக்கிறதா என்று அவன் அம்மா கேட்ட கேள்விக்கு இந்த வீட்டில் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பீரோவைத் தள்ளிவிட்டு, நீ சொல்.

அம்மா